கயிற்றில் வைத்த கை

ஒரு மனிதரைக் காட்டிக்கொடுத்தேன். அவர் என்னை நம்பினார். நான் அவரை எழுதினேன்.

இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. மற்றதெல்லாம் விளக்கம். விளக்கம் என்று வந்துவிட்டாலே அதில் கொஞ்சம் ஏமாற்றும் கலந்துவிடும்... கல்லூரியில் காலமெல்லாம் தமிழ் நடத்தியவனுக்கு அது தெரியாதா? இருந்தாலும் சொல்கிறேன். எங்கே ஏமாற்றுகிறேன் என்று நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் என் நாவலைப் படித்தவர்கள். ஊரைவிட்டு ஓடிவந்து, கடலோரக் குப்பம் ஒன்றில் வேறு பெயரில் வாழும் ஒரு லாரி ஓட்டுநரின் கதை. அதில் வரும் ஹாரன் காட்சியைப் பற்றி எத்தனை பேர் எனக்கு எழுதினீர்கள்! 'எப்படி ஐயா இப்படிக் கற்பனை செய்தீர்கள்?' என்று கேட்டீர்கள். 'தானாக வந்தது' என்று ஒவ்வொருவருக்கும் பதில் போட்டேன்.

பொய். தானாக எதுவும் வரவில்லை. ஒருவர் படகின் நிழலில் உட்கார்ந்து, ஈர மணலை விரலால் கிளறியபடி, எனக்கு மட்டும் சொன்னது அது.

செங்கல்பட்டில், கொளவாய் ஏரிக் காற்று வந்து போகும் ஒரு தெருவில் என் வீடு. மனைவி போய்ச் சேர்ந்துவிட்டாள். அந்த நாவலுக்கு முன்பு இரண்டு நாவல்கள் எழுதியிருந்தேன். கட்டுப் பிரிக்காமல் பரணில் கிடந்ததைத் தவிர அவற்றுக்கு வேறு வரலாறு இல்லை. சாவதற்குள் ஒரு நல்ல புத்தகம்... ஒன்றே ஒன்று! வயதாக வயதாக அந்த ஆசை அடங்கும் என்று நினைத்திருந்தேன். கூடிக்கொண்டேதான் போனது.

எழுதுவதற்கென்றே மாமல்லபுரத்துக்கு வடக்கே ஒரு குப்பத்தில் அறை எடுத்துத் தங்கினேன். காலையில் ஒரு வரி எழுதுவேன். அதை அடிப்பேன். பிறகு கரைக்குப் போய் நிற்பேன். அங்கே கரைவலை இழுத்துக்கொண்டிருப்பார்கள். படகில் போய்க் கடலில் வலையை வளைத்துப் போட்டுவிட்டு, அதன் இரண்டு கயிறுகளையும் கரையில் இரு வரிசையாக நின்று இழுக்கும் வேலை.

அந்தக் குப்பத்தில் ஒரு வழக்கம் உண்டு. கயிற்றில் கை வைத்தவன் எவனானாலும் அவனுக்கு ஒரு கூறு மீன். பெயர் கேட்க மாட்டார்கள். ஊர் கேட்க மாட்டார்கள். மீனைக் கூறு போட்டுக் கொடுத்த பிறகும் கேட்க மாட்டார்கள். அவனாகச் சொன்னால் கேட்டுக்கொள்வார்கள், அவ்வளவுதான்.

ஏழுமலை அங்கே வந்து சேர்ந்தது அப்படித்தான். நான் போவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பு, ஒரு காலையில் கரையோரமாகவே நடந்து வந்தவர் கயிற்றின் கடைசியில் போய் நின்று இழுத்திருக்கிறார். மறுநாளும் வந்தார். அதற்கடுத்த நாளும். புருஷனைக் கடலில் இழந்து, மீன் விற்றுப் பிழைத்துக்கொண்டிருந்த அஞ்சலை அவருக்குச் சோறு போட்டாள். பிறகு அவள் வீடே அவர் வீடானது. ஏழுமலை என்பது அவருடைய உண்மைப் பெயர் அல்ல. குப்பத்தில் சொல்லிக்கொண்ட பெயரும் அல்ல. இங்கே நான் வைக்கும் பெயர். பெயர் மாற்றுவதில் எனக்கு நல்ல பழக்கம்!

நானும் கயிற்றைப் பிடித்தேன். முதல் நாளே உள்ளங்கை உரிந்துவிட்டது.

"இன்னா வாத்தியாரே, சாக்பீஸ் புட்ச்ச கையா? கவுறு கடிக்குதா?" என்றார் வலைக்குச் சொந்தக்காரரான நாகப்பன். வரிசையே சிரித்தது.

ஏழுமலை மட்டும் சிரிக்கவில்லை. தலைத்துண்டின் ஓரத்தைக் கிழித்து என் கையில் சுற்றிக் கட்டினார். "பாத்து சார். கை நல்லா இருந்தாத்தானே எழுதுவீங்க?" என்றார்.

இந்த ஒரு வார்த்தை போதாதா, ஒரு மனிதன் வெட்கப்பட?

நாங்கள் சிநேகிதர்கள் ஆனோம். அவர் அதிகம் பேசுகிறவர் அல்ல. "இந்தாளு வாயத் தொறக்கறதே உன்னாண்டதான் சார்," என்பாள் அஞ்சலை. "எங்கிட்ட கொயம்புல உப்பு கம்மின்றதுக்குக் கூட கையத்தான் காட்டுவாரு. ஊமையன்னு நெனச்சிதான் வூட்ல சேத்தேன். அப்பால பாத்தா பேச்சி வர்து!" அவர் தலையைக் குனிந்துகொண்டு சிரிப்பார். அந்தச் சிரிப்பில் ஒரு பயம் இருந்தது. சந்தோஷமாக இருப்பதை யாராவது பார்த்துவிடுவார்களோ என்கிற பயம்.

ஒரு நாள் காலை, வலை பாதி வந்திருந்தது. கிழக்குக் கடற்கரைச் சாலையிலிருந்து வழி தவறித் திரும்பிய சுற்றுலா வேன் ஒன்று குப்பத்துக்குள் வந்து, குறுக்கே படுத்திருந்த ஆட்டை விரட்ட ஹாரன் அடித்தது. இரண்டு குட்டையாக; பிறகு ஒன்று நீளமாக.

ஏழுமலை கயிற்றை விட்டுவிட்டார்.

நடுவில் கயிற்றை விடவே கூடாது. வலை ஒரு பக்கம் சாய்ந்து மீன் வழிந்துபோகும். "யோவ்! இன்னாய்யா ஆச்சி உனுக்கு? அத்தினி பேரு சோத்துலயும் மண்ண அள்ளிப் போட்டியே!" என்று நாகப்பன் கத்தினார். ஏழுமலைக்கு அது கேட்டதா என்று தெரியவில்லை. காதுகளைப் பொத்திக்கொண்டு மணலில் உட்கார்ந்திருந்தார்.

அன்று அவர் தன் கூறு மீனை வாங்கவில்லை. படகின் நிழலில் ஒதுங்கியிருந்தவரிடம் போய் உட்கார்ந்தேன். ஒன்றும் கேட்கவில்லை. கேட்காமல் இருக்க அந்தக் கரையில் நானும் பழகியிருந்தேன். அவராகத்தான் சொன்னார்.

மதுராந்தகத்துக்குப் பக்கத்தில் ஓர் ஊர். அண்ணன், அண்ணி, அவர்களுக்கு ஒரு பெண், ஒரு பையன். இவருக்குக் கல்யாணம் ஆகவில்லை. நெல் மூட்டை ஏற்றும் மினி லாரி ஓட்டினார். வேலை முடிந்து வரும்போது தெருமுனையில் ஹாரன் அடிப்பார். இரண்டு குட்டை, ஒரு நீளம். 'சித்தப்பா!' என்று பையன் ஓடிவருவான். அவசரத்தில் எப்போதும் ஒற்றைச் செருப்புதான் காலில் இருக்கும். தூக்கி மடியில் வைத்துக்கொண்டால், வண்டி கொட்டகைக்குள் போகிறவரை ஸ்டியரிங் அவன் கையில்.

அன்றும் அடித்தார். அடித்துவிட்டு, திருப்புவதற்காக வண்டியைப் பின்னால் எடுத்தார். பையன் அன்று வாசல் வழியாக வரவில்லை. பின்பக்கச் சந்து வழியாக ஓடிவந்துவிட்டான்.

அதற்கு மேல் நான் சொல்லப்போவதில்லை. நாவலில் சொன்னேன். எட்டுப் பக்கம் சொன்னேன்... ஐயோ!

"ஆரன் அடிச்சியான்னு போலீஸ்ல கேட்டாங்க சார். அடிச்சேன்னு சொல்லு, உனக்கு நல்லதுன்னு வக்கீலு சொன்னாரு. நான் எப்படி சார் சொல்லுவேன்? அடிச்சா அவன் ஓடியாருவான்னு எங்க தெருவுக்கே தெரியுமே..."

சட்டத்துக்கு அந்தச் சத்தம் எச்சரிக்கை. அந்த வீட்டுக்கு மட்டும் அது அழைப்பு. அடிக்கவில்லை என்று சொல்லிவிட்டார். அண்ணனே முன்னால் நின்று வழக்கை எப்படியோ முடித்துவைத்தார்.

ஆனால் பிள்ளை வெளியே வந்தது எப்படி? அந்தக் கேள்வி அண்ணியின் மேல் விழுந்தது. அவள் அடுப்படியில் மிக்சி போட்டிருந்தாள். ஹாரன் அவள் காதில் விழவில்லை. தெருவிலும் அந்த நேரம் வேறு யாரும் இல்லை. துக்கத்துக்கு வந்தவர்கள் எல்லாம், 'பெத்தவ பாத்துக்க வாணாமா?' என்று அவள் காதுபடவே பேசினார்கள். மாமியார் அவள் கையால் தண்ணீர் வாங்கிக் குடிப்பதை நிறுத்திவிட்டார். இவர் அதே கூடத்தில் ஒரு மூலையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். காரியத்துக்கு முன்னால் ஒரு விடியலில் எழுந்து நடக்க ஆரம்பித்தவர், கடல் வந்து மறித்த பிறகுதான் வடக்கே திரும்பினாராம்.

"கொழந்த விஷயம்... அது கை தவறி நடந்தது சார். ஆனா அண்ணி மேல பழி வியும்போது சும்மா குந்தினு இருந்தேன் பாருங்க... அது தெரிஞ்சி செஞ்சது."

பிறகு என்னைப் பார்த்தார். "யாராண்டயும் சொல்லிராதீங்க சார். அஞ்சலைக்கே தெரியாது."

"சொல்ல மாட்டேன்."

"கவுத்து மேல கை வெச்சி சொல்லுங்க."

அந்தக் குப்பத்தில் சத்தியம் என்றால் அதுதான். சுருட்டி வைத்திருந்த ஈரக் கயிற்றின் மேல் கை வைத்தேன். அவர் கட்டிவிட்ட துணி அப்போதும் என் கையில் இருந்தது. துணியைத் தாண்டி உப்பு எரிந்தது. சொல்ல மாட்டேன் என்று சொன்னேன்.

அறைக்குத் திரும்பியதும் எழுத உட்கார்ந்தேன்.

உடனே என்னைத் திட்டாதீர்கள். என் நியாயங்களையும் கேளுங்கள். பெயரை மாற்றினேன். அவர் ஊரை வேறு மாவட்டத்துக்குக் கொண்டுபோனேன். நெல் மூட்டையை உப்பு மூட்டை ஆக்கினேன். குப்பத்தை வெகு தெற்கே நகர்த்தினேன். யாருக்குத் தெரியப்போகிறது?

ஹாரனையும் மாற்றத்தான் செய்தேன். சைக்கிள் மணி ஆக்கினேன். ஒற்றைச் செருப்பை எடுத்துவிட்டேன். எழுதி முடித்துப் படித்துப் பார்த்தால்... பக்கம் செத்துக் கிடந்தது. ஒரு வாரம் அதைச் சுற்றிச் சுற்றி வந்தேன். பிறகு ஒரு காலையில் சைக்கிள் மணியைக் கோடு போட்டு அடித்துவிட்டு ஹாரனை எழுதினேன். இரண்டு குட்டை, ஒரு நீளம். செருப்பையும் எழுதினேன். பக்கம் மூச்சு விட்டது. சந்தோஷத்தில் எழுந்து அறைக்குள் நடந்தேன்!

என் குற்றம் எங்கே இருக்கிறது என்று கேட்டால் அந்தக் காலையைக் காட்டுவேன். அதுவரை சபலப்பட்டவன். அதற்குப் பிறகு தெரிந்து செய்தவன். அவர் சொன்ன அதே சொல்... தெரிந்து செய்தது.

ஒரு பாவமும் அறியாத அந்த அண்ணியின் பழியைத் துடைக்கத்தானே எழுதினேன் என்று பின்னாளில் எனக்கே சொல்லிப் பார்த்ததுண்டு. இல்லை. எழுதிக்கொண்டிருந்தபோது அவளை நான் ஒரு கணமும் நினைக்கவில்லை. வாக்கியத்தை நினைத்தேன்.

அறையைக் காலி செய்த அன்று ஏழுமலையும் அஞ்சலையும் பஸ் ஏற்றிவிட வந்தார்கள். அஞ்சலை ஒரு கருவாட்டுப் பொட்டலத்தை என் பையில் திணித்தாள். "புஸ்தகம் முடிஞ்சிதா சார்? எங்களப் பத்தி ஒரு வரியாச்சும் போட்டியா?" என்றாள்.

"நம்மளப் பத்தி எய்த இன்னா கீது?" என்றார் ஏழுமலை. சொல்லிவிட்டு அவள் தலைக்கு மேலாக என்னைப் பார்த்துப் புன்னகை செய்தார். நன்றியோடு.

புத்தகம் வந்தது. நீங்கள் படித்தீர்கள். அந்த அண்ணியின் மகளும் படித்தாள். இப்போது படூரில் ஒரு கல்லூரி விடுதியில் இருக்கிறாள். படித்த கையோடு அம்மாவைத் தொலைபேசியில் கூப்பிட்டு, "அன்னிக்கி சித்தப்பா ஆரன் அடிச்சாராம்மா?" என்று கேட்டிருக்கிறாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணனும் அண்ணியும் என் வீட்டுக்கு வந்தார்கள். வெயிலில் வந்த களைப்பு. தண்ணீர் கொடுத்தேன். அண்ணன் குடித்தார், அவள் டம்ளரைக் கையில் பிடித்தபடியே இருந்தாள்.

"இதுல வர்ற ஆரனு, ஒத்தச் செருப்பு... இதெல்லாம் உங்களுக்கு யாரு சார் சொன்னது?"

"கற்பனைதான் அம்மா."

அவள் அழவில்லை. கோபப்படவும் இல்லை. "எம்புள்ள செருப்ப நீங்க எப்படி சார் கற்பனை பண்ணுவீங்க?" என்றாள்.

அவள் குடிக்காமல் வைத்திருந்த டம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"தம்பி உயிரோட கீறானா? அத்த மட்டும் சொல்லுங்க," என்றார் அண்ணன். தலையசைத்தேன். எங்கே என்று கேட்டார். சொன்னேன்.

நான் என்ன செய்திருக்க வேண்டும்? 'ஒரு நாள் பொறுங்கள், அவரிடம் கேட்டுவிட்டு வருகிறேன்' என்று சொல்லியிருக்கலாம். அப்படிச் செய்தால் நாவலைப் பற்றியும் அவரிடம் சொல்லியாக வேண்டும். அந்த முகத்தைத் தனியாகப் பார்க்கத் துணிச்சல் இல்லை. இவர்களோடு போனால் அழுகையிலும் ஆனந்தத்திலும் என் குற்றம் கரைந்துபோகும் என்று கணக்குப் போட்டேன். வழிகாட்ட நானே காரில் முன்சீட்டில் ஏறிக்கொண்டேன்.

மறுநாள் காலை திருக்கழுக்குன்றம் வழியாகப் போனோம். அண்ணன் ஓட்டினார். பின்னால் அவள். பாதி வழியில் சொன்னாள்: "நம்மளக் கண்டா ஓடிருவாரு. ஆனா அந்த ஆரன் சத்தம் கேட்டா, நாம கோவமா வரலன்னு தெரிஞ்சிக்குவாரு. வூட்டுக்குக் கூப்புட்ற ஆரன் ஆச்சே."

அந்தச் சத்தம் கேட்டு அவர் கயிற்றை விட்டதை நான் பார்த்திருக்கிறேன். காதைப் பொத்திக்கொண்டு மணலில் உட்கார்ந்ததைப் பார்த்திருக்கிறேன். உலகத்தில் எனக்கு மட்டுமே அது தெரியும். 'வேண்டாம் அம்மா' என்ற இரண்டு சொல் போதும். நான் சொல்லவில்லை.

ஏன்? ஏன் சொல்லவில்லை? இதைத்தான் இவ்வளவு நாள் மறைத்து வைத்திருந்தேன். அவள் அப்படிச் சொன்னதும் என் மனம் என்ன நினைத்தது தெரியுமா? 'நாவல் இப்படியல்லவா முடிந்திருக்க வேண்டும்!' என்று நினைத்தது. என்ன நடக்கும் என்று பார்க்க ஆசைப்பட்டது!

சவுக்குத் தோப்பு முடியும் இடத்தில் கார் நின்றது. எதிரே கரை. இரண்டு வரிசையிலும் ஆட்கள் சாய்ந்து சாய்ந்து இழுத்துக்கொண்டிருந்தார்கள். வடக்கு வரிசையில் கடைசி ஆள் அவர்தான். அவள் எங்கள் இருவருக்கும் நடுவே கையை நீட்டித் தானே ஹாரனை அழுத்தினாள்.

இரண்டு குட்டை. ஒரு நீளம்.

அவர் நிமிர்ந்தார். இந்தமுறை கயிற்றை நழுவ விடவில்லை. முன்னால் நின்றவரின் தோளைத் தட்டி, தன் பிடியை அவர் கையில் ஒப்படைத்தார். பிறகு வடக்கே திரும்பி நடந்தார். நடை வேகமானது. ஓட்டமானது.

"தம்பி! தம்பி! நில்லுங்க!" என்று அவள் கதவைத் திறந்துகொண்டு ஓடினாள். உலர் மணலில் ஒரு செருப்பு கழன்றுகொண்டது. ஒற்றைச் செருப்போடு ஓடினாள். அதையும் என் கண் பார்த்தது! அந்த நேரத்திலும் பார்த்து எடுத்து வைத்துக்கொண்டது.

பையன் ஓடிவந்த ஹாரனுக்கு அவர் ஓடிப்போனார்.

அதன் பிறகு அஞ்சலையின் வீட்டில் உட்கார்ந்திருந்தோம். அண்ணி எல்லாவற்றையும் அவளிடம் சொன்னாள். அஞ்சலை அவளுடைய காலில் ஒட்டியிருந்த மணலைத் தன் முந்தானையால் துடைத்துக்கொண்டே கேட்டாள்.

"நான் சண்டை போட வரலம்மா," என்றாள் அண்ணி. "இத்தினி வருசமா என் மாமியா என் கையால தண்ணி வாங்கல. பொண்ணு இந்தப் புஸ்தகத்தப் படிச்சிக் காட்னப்பறம்தான் வாங்கிக் குடிச்சாங்க. அத்த அவராண்ட சொல்லத்தான் வந்தேன்."

அஞ்சலை என் பக்கம் திரும்பினாள். அவள் குரல் உயரவே இல்லை.

"ஒரு வரி போட்டியான்னு கேட்டேனே சார்... நீ இன்னாடான்னா எங்க வூட்டையே போட்டுட்டியே."

பரிகாரம் என்று எதையாவது செய்யத்தானே வேண்டும்? பதிப்பாளரிடம் போய் மறுபதிப்பு வேண்டாம் என்றேன். "இப்பத்தான் சார் புத்தகம் பேசப்படுது, இப்பப் போய்..." என்று என்னை விநோதமாகப் பார்த்தார். என் பிடிவாதத்துக்காக நிறுத்தினார். விற்றுப்போனவற்றை யாரால் திரும்ப வாங்க முடியும்? அவை உங்கள் அலமாரிகளில் இருக்கின்றன.

பிறகு அவரைத் தேடினேன். மதுராந்தகம் பேருந்து நிலையம், லாரி நிற்கும் இடங்கள், கோயில் வாசல்கள். கடைசியில் சிங்கப்பெருமாள் கோயில் என்ற ஊரில் கண்டுபிடித்தேன். தொழிற்சாலைக்குப் போகிற பிள்ளைகள் சாப்பிடும் ஒரு மெஸ்ஸின் பின்கட்டில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். இப்போது அங்கே இல்லை. அதனால்தான் ஊர்ப் பெயரை எழுதுகிறேன்.

என்னைப் பார்த்ததும் எழுந்துகொள்ளப் பார்த்தார். பிறகு உட்கார்ந்துவிட்டார். "நாஸ்தா ஆச்சா சார்?" என்றார்.

நானும் தரையில் உட்கார்ந்தேன். மன்னிப்புக் கேட்டேன். அவர் உரித்துக்கொண்டே இருந்தார். அண்ணி சொன்னதைச் சொன்னேன். கத்தி நின்றது.

"யாரு குடிச்சாங்க?"

"உங்கள் அம்மா."

"யாரு கையால?"

"அண்ணி கையால."

"இன்னொரு வாட்டி சொல்லுங்க சார்."

சொன்னேன். கண்ணைத் துடைத்துக்கொண்டார். "வெங்காயம்," என்றார். நான் கேட்கவே இல்லை.

அடுத்த வெங்காயத்தை எடுத்துக்கொண்டு சொன்னார்: "அப்ப நல்லதுதான் சார் பண்ணியிருக்கீங்க."

அங்கேயே அவர் நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை.

"ஆனா சார்... அது நான் சொல்லவேண்டியது. என்னிக்காச்சும் ஒருநாள் போயி, அண்ணி காலாண்ட குந்தி, நான்தான் ஆரன் அடிச்சேன்னு சொல்லணும்னு இருந்தேன். தைரியம் வரல. வந்திருக்குமோ இன்னாவோ. நீங்க சொல்லிட்டீங்க. இப்ப நான் போய்ச் சொல்றதுக்கு இன்னா கீது?"

மென்மையாகத்தான் சொன்னார். என்மேல் இரக்கப்பட்டே சொன்னார். அப்போதுதான் எனக்கு விளங்கியது. அவருடைய ரகசியத்தைத்தான் எடுத்தேன் என்று நினைத்திருந்தேன். நான் எடுத்தது அவருடைய மன்னிப்பை! அவர் வாயால் கேட்டு, அவர் காதால் வாங்கியிருக்க வேண்டிய ஒன்றை, நான் அச்சடித்துக் கடைகளில் வைத்துவிட்டேன்.

"இதையும் எழுதுவீங்களா சார்?"

"மாட்டேன்."

அவர் அந்தப் பின்கட்டைச் சுற்றும் முற்றும் பார்த்தார். "கை வெக்க இங்க கவுறு இல்லியே," என்றார். கேலிதான். இருவரும் சிரித்தோம். என்னால் அதிக நேரம் சிரிக்க முடியவில்லை.

கிளம்பும்போது அந்தப் பையனைப் பற்றி இன்னொன்று சொன்னார். சின்ன விஷயம். நாவலில் இல்லாதது. ஹாரனைவிட, செருப்பைவிட... அதை ஏன் என்னிடம் சொன்னார்? மறுபடியும் நம்பினாரா? சோதித்தாரா? தெரியாது. அது என்னோடு போகும். அதை உங்களுக்குத் தர மாட்டேன்.

அன்றைக்கே குப்பத்துக்குப் போய், அவர் இருக்கும் இடத்தை அஞ்சலையிடம் சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டாள். அடுத்தமுறை போனபோது அவள் வீட்டில் பூட்டுத் தொங்கியது. மெஸ்ஸில் விசாரித்தேன், அவரும் போய்விட்டார்.

"எங்கே போனார்கள்?" என்று நாகப்பனிடம் கேட்டேன்.

"கவுத்தப் புடி வாத்தியாரே," என்றார் அவர்.

அண்ணியைத் தொலைபேசியில் கூப்பிட்டேன். "ரெண்டு பேரும் நல்லா கீறாங்க சார்," என்றாள். சொன்ன பிறகு சட்டென்று நிறுத்திக்கொண்டாள். எங்கே என்று கேட்டேன். மறுமுனையில் யாரோ மெல்லப் பேசும் சத்தம். "வெச்சிடறேன் சார். உடம்பப் பாத்துக்கோங்க," என்றாள். எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. எனக்கு மட்டும் தெரியக்கூடாது. சரிதானே? நீங்களாக இருந்தாலும் அப்படித்தானே செய்வீர்கள்?

எழுத மாட்டேன் என்று சொன்னேனே... பிறகு இது என்ன? மறுபடியும் வாக்குத் தவறுகிறேன். ஏன் என்றால், உங்களில் சிலர் அந்தக் கரைக்குப் போகிறீர்கள். நாவலில் நான் குப்பத்தைத் தெற்கே நகர்த்தியிருந்தும் எப்படியோ கண்டுபிடித்துப் போகிறீர்கள். சமீபத்தில் நாலைந்து இளைஞர்கள் காரில் வந்து, சவுக்குத் தோப்பு ஓரம் நின்று, அந்த ஹாரனை அடித்து அடித்துப் படம் பிடித்தார்களாம். கெட்ட பிள்ளைகள் இல்லை. என் வாசகர்கள்! கதையின் மேல் அன்பு கொண்டவர்கள்.

போகாதீர்கள். அவரைத் தேடாதீர்கள். ஒருவேளை எங்காவது ஒரு தெருமுனையில் அவர் நின்றுகொண்டிருக்கக்கூடும்... அந்த ஹாரனை மட்டும் அடிக்காதீர்கள். கேட்டுக்கொள்ள எனக்கு உரிமை இல்லை. இருந்தும் கேட்கிறேன்.

நான் இன்னும் போய்க்கொண்டிருக்கிறேன். செங்கல்பட்டிலிருந்து முதல் பேருந்து பிடித்தால் வலை கரைக்கு வருவதற்குள் போய்விடலாம். வடக்கு வரிசையில், கடைசியில், அவர் நின்ற இடத்தில் நின்று இழுக்கிறேன். என் வயதுக்கு அது இழுப்பதே அல்ல. சும்மா பிடித்துக்கொண்டு நிற்பது. உள்ளங்கை காய்த்துப்போயிற்று. இப்போது துணி சுற்றிக்கொள்வதில்லை.

வலை வந்ததும் மீனைக் கூறு போடுகிறார்கள். எனக்கு முன்னாலும் ஒரு கூறு வைக்கிறார்கள். ஒருநாளும் குறைத்து வைத்ததில்லை. நான் செய்ததெல்லாம் அவர்களுக்குத் தெரியும். ஒரு வார்த்தை திட்டலாம். முகத்தைத் திருப்பிக்கொள்ளலாம். 'ஏன்யா இப்டி பண்ணே?' என்று ஒரே ஒருவர், ஒரே ஒரு நாள் கேட்டால் போதும். அந்த மணலில் விழுந்து சொல்லிவிடுவேன்.

கேட்க மாட்டார்கள். கயிற்றில் கை வைத்தவனை அந்தக் கரையில் யாரும் எதுவும் கேட்பதில்லை.